மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சம்பா அரிசி, ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்): லோ-கார்ப் உணவு முறையில் மாவுச்சத்தை விலக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஆலோசகராகச் சர்க்கரை நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் பேசுவது என் வேலை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம், களியக்காவிளை பக்கத்து மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். லோ-கார்ப், அதாவது மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைந்த உணவு முறை பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை சோறு, இட்லி, உருளைக்கிழங்கு என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடுகின்றன. நம் பக்கத்து இலையில் மாவுச்சத்து சோற்றில் மட்டும் இல்லை. தொடுகறியில் இருக்கிறது, நாலு மணி பலகாரத்தில் இருக்கிறது, காய்ச்சலுக்குக் குடிக்கும் கஞ்சியில் இருக்கிறது. அதனால் நம் சமையலை முன்னால் வைத்தே பதில் சொல்கிறேன். கிராம் கணக்குகள் எல்லாம் தோராயமானவை. கிழங்கின் ரகம், முற்றல், வேகவைக்கும் விதம் இவற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் தாங்களாகவே தொடங்கலாமா?

கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் இதை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவை நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றின் அளவுக்கு ஏற்பத் தரப்பட்டவை. சோற்றை மட்டும் பாதியாக்கி மருந்தை அப்படியே போட்டால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழ நேரிடும். அந்த நேரத்தில் லோ-கார்ப் எல்லாம் பார்க்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். ஆள் சுயநினைவில் இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். அப்போது மீட்டரில் சர்க்கரை அவ்வளவு அதிகமாகக்கூடக் காட்டாது. குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டைப் 1 நோயாளிகள், எடை மிகக் குறைந்த முதியவர்கள் ஆகியோர் மருத்துவர் சொல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் சிலருக்குக் குறைக்க வேண்டி வரும்.

லோ-கார்ப் என்றால் எவ்வளவு குறைக்க வேண்டும்?

ஒரே அளவு கிடையாது. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றால் பொதுவாக லோ-கார்ப் என்கிறார்கள். 20 முதல் 50 கிராம் வரை இறக்கினால் அது கீட்டோ. இப்போது நாம் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள்: 2000 கலோரி சாப்பிடும் ஒருவர் அதில் 60 விழுக்காட்டைச் சோறு, கிழங்கு, சீனி வழியாக எடுத்தால் 300 கிராம் மாவுச்சத்து ஆகிறது. நம் வீடுகளில் அது சாதாரணம்.

வேறு மருத்துவப் பிரச்சினை இல்லாதவர்களுக்கு 100 முதல் 130 கிராம் வரை வைத்துத் தொடங்கச் சொல்வதே என் வழக்கம். 300-லிருந்து ஒரே நாளில் 20-க்குக் குதிப்பவர்கள் பெரும்பாலும் கொஞ்ச நாளில் பழைய இலைக்கே திரும்பிவிடுகிறார்கள். பாதியாக்கி, அதிலேயே ஒரு வருடம் நிற்பவருக்குத்தான் பலன்.

இது யூடியூப் காலத்து மோகம்தானே?

இல்லை. 1863-ல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர், தன் மருத்துவர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒதுக்கி எடை குறைந்ததைச் சிறு வெளியீடாக அச்சிட்டுப் பரப்பினார். 1921-ல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரை சர்க்கரை நோய்க்கு மருத்துவர்கள் கையில் இருந்த முக்கியமான வழியும் மாவுச்சத்தைக் குறைப்பதுதான். யூடியூப் சேர்த்தது அவசரத்தை மட்டும்.

சீனியே தொடுவதில்லை, பிறகு ஏன் சர்க்கரை ஏறுகிறது?

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கண்ணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. வெறும் சோறு ஒரு வாய் எடுத்து, கறி எதுவும் தொடாமல், விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல நாக்கில் தித்திப்பு தெரியும். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி அந்தச் சங்கிலியை வாயிலேயே உடைக்கத் தொடங்கிவிடுகிறது. மீதியைக் குடல் உடைக்கும். நாக்குக்கு இனிக்காத கிழங்கும் ரத்தத்துக்குப் போகும்போது குளுக்கோஸாகத்தான் போகிறது. டீயில் சீனியை நிறுத்தி 10 கிராம் மிச்சம் பிடித்துவிட்டு, மதியம் கூடுதலாக இரண்டு அகப்பை சோறு வாங்கினால் 50 கிராம் ஏறிவிடும்.

அக்கா, மரச்சீனிக்கிழங்கு மட்டும் விட முடியாது. கொஞ்சம் சாப்பிடலாமா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, மன வருத்தத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

100 கிராம் மரச்சீனியில் 35 முதல் 38 கிராம் வரை மாவுச்சத்து. புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. அதே எடை வெந்த சோற்றில் மாவுச்சத்து 28 கிராம்தான். அதாவது எடைக்கு எடை பார்த்தால் கிழங்கு சோற்றைவிடக் கனம். நம் வீடுகளில் கிழங்கு அவித்தால் யாரும் 100 கிராம் எடுப்பதில்லை. தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் பூண்டும் அரைத்துச் சேர்த்து மசித்து, சாளை (மத்தி) மீன் குழம்போடு ஒரு தட்டு வைத்தால் 300 கிராம் தாராளமாக இருக்கும். 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து அந்த ஒரு தட்டிலேயே வந்துவிடும். லோ-கார்ப்பில் நிற்பவருக்கு அன்றைய பங்கு முழுவதும் அதோடு தீர்ந்தது.

வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் மாவு போய்விடாதா என்று கேட்பார்கள். தண்ணீரை வடிப்பது கிழங்கில் இயற்கையாக உள்ள சயனைடு நச்சை நீக்க. அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் மாவுச்சத்து கிழங்கிலேயேதான் இருக்கும்.

ஆசைக்குச் சாப்பிட வேண்டுமென்றால் ஒரு வழி: சோறு முழுவதையும் விட்ட ஒரு வேளையில், உள்ளங்கையில் அடங்கும் அளவு இரண்டு துண்டு, 80 கிராம் போல. பக்கத்தில் மீன் நிறைய. முதலில் மீனும் கீரையும், கடைசியில் கிழங்கு. சோற்றோடு கூடவே தொடுகறி போலக் கிழங்கும் வைப்பது நம் பக்கத்து வழக்கம். அதை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். கிழங்குச் சிப்ஸ், கிழங்கு வத்தல் இரண்டும் நீர் வற்றிய கிழங்கு என்பதால் இன்னும் மோசம். ஜவ்வரிசி இதே கிழங்கின் மாவிலிருந்து வருகிறது. காய்ச்சல்காரருக்குக் காய்ச்சும் கூவைக்கிழங்கு மாவும் கிட்டத்தட்ட முழு மாவுச்சத்துதான்.

தாத்தா பாட்டி எல்லாம் கிழங்கு சாப்பிட்டுத்தானே நன்றாக இருந்தார்கள்?

மரச்சீனி தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். திருவிதாங்கூரில் அதைப் பெரிதாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்தோடுதானே இருந்தது. கிழங்கு நமக்கும் அப்படியே வந்தது. 1942-ல் பர்மா ஜப்பான் கையில் விழுந்து அங்கிருந்து அரிசி வரத்து நின்றபோது எத்தனையோ குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்ததும் இந்தக் கிழங்கு. அந்த நன்றி எனக்கு உண்டு. கிழங்கைக் கெட்ட பொருள் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் அந்தத் தாத்தா விடியும் முன்னே பனை ஏறினார், அல்லது கட்டுமரம் தள்ளினார், அல்லது வயலில் நாள் முழுவதும் குனிந்து நின்றார். சாப்பிட்ட கிழங்கு மாலைக்குள் உழைப்பில் எரிந்தது. இன்று அதே தட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கடையில், வங்கியில், ஆட்டோவில் உட்காருகிறோம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். கேரளத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் சாப்பாடும் அவர்கள் சாப்பாடும் பெரிதாக வேறுபடவில்லை.

மற்றக் கிழங்குகள்?

சேனை கொஞ்சம் தேவலை. 100 கிராமில் 18 கிராம் போல. சேம்பு, சீனிக்கிழங்கு, உருளை, சிறுகிழங்கு, காய்ச்சில் (பெருவள்ளிக்கிழங்கு) எல்லாம் சுமார் 20 முதல் 28 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பனங்கிழங்கும் இந்தக் கூட்டம்தான். நார்ச்சத்து இருப்பதால் சாப்பிட்டவுடன் வயிறு நிறையும், அது உண்மை. மாவு கணக்கில் தள்ளுபடி கிடைக்காது. கேரட், பீட்ரூட் இரண்டையும் கிழங்கு என்று பயந்து விடுகிறார்கள். அவற்றில் 10 கிராமுக்குக் கீழேதான். துவரன் (தேங்காய்த் துருவல் சேர்த்த பொரியல்) வைத்து ஒரு கரண்டி சாப்பிடத் தடையில்லை. முள்ளங்கி இன்னும் குறைவு.

சம்பா அரிசி சிவப்பாக இருக்கிறதே, அது பரவாயில்லையா? வடித்த சோறு? பழஞ்சோறு?

நம் சம்பா அரிசி, கேரளத்தார் மட்டை அரிசி என்பார்களே, அது புழுக்கிய அரிசி. தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும். பாலிஷ் செய்த பச்சரிசியைவிடச் சற்று மெதுவாகச் சர்க்கரையை ஏற்றும், சத்தும் கூடுதல். சாப்பிடப் போகிற ஒரு அகப்பை சோறு இதுவாகவே இருக்கட்டும். மாவுச்சத்தின் மொத்த அளவில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை.

குக்கரில் வைத்ததைவிட வடித்ததில் சிறிது மாவு கஞ்சியோடு வெளியேறும். அந்தக் கஞ்சித் தண்ணீரை உப்புப் போட்டுக் குடித்துவிட்டால் அதுவும் உள்ளே வந்துவிடும்.

சோற்றை ஆறவிட்டு இரவு முழுக்க வைத்தால் ஒரு பகுதி மாவு எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. பழஞ்சோற்றுக்கு உள்ள நற்பெயரில் இதற்கும் பங்குண்டு. ஆனாலும் மாறுவது சிறு பகுதி மட்டுமே. பெரிய கிண்ணம் பழஞ்சோறு, கூடவே தயிரும் சுட்ட மிளகாயும் என்றால் அது சோற்றுச் சாப்பாடு என்றே கணக்கு.

இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டேன். ராகி, ஓட்ஸ் கூடச் சாப்பிடுகிறேன். சரிதானே?

இந்த நம்பிக்கையால் பல வருடங்களை இழந்தவர்களைப் பார்க்கிறேன். 100 கிராம் கோதுமை மாவில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, ராகியிலும் அப்படியே, ஓட்ஸில் 66 போல. அரிசியில் 78. நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிடுகிறவர் மாற்றியது தானியத்தை, அளவை இல்லை. சப்பாத்தியில் ஒரு நன்மை, எண்ணிச் சாப்பிடலாம். இரண்டோடு நிறுத்தி, பக்கத்தில் முட்டையோ மீனோ கோழியோ நிறைய வைத்தால் பலன் தெரியும். ராகிக் கூழ் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்பது தவறான நம்பிக்கை.

ஏத்தம்பழம், மட்டிப்பழம், சக்கை (பலா)?

நன்றாகப் பழுத்த ஏத்தம்பழம் ஒன்றில் 35 முதல் 40 கிராம். அவித்தாலும் பஜ்ஜி போட்டாலும் அது மாறாது. பஜ்ஜியில் மைதா வேறு சேரும். ஏத்தங்காய் பச்சையாக இருக்கும்போது அதில் இருப்பது கிட்டத்தட்ட முழுவதும் மாவுதான். பழுக்கும்போது அந்த மாவு சர்க்கரையாகிறது. ஆகவே காயாகச் சமைத்தாலும் தப்ப முடியாது. உப்பேரியும் (ஏத்தங்காய்ச் சிப்ஸ்) அதேதான்.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் சிறியது. ஒன்றில் 10, 12 கிராம் இருக்கும். வாரத்தில் சில நாள், மற்றதைக் கணக்குப் பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு பழம் என்றால் நான் தடுப்பதில்லை. சிக்கல் என்னவென்றால் வீட்டில் சீப்பாகத் தொங்கும்போது ஒன்றோடு கை நிற்காது.

சக்கையில் பருவம்தான் முக்கியம். கொட்டை முற்றாத இடிச்சக்கையில் மாவு குறைவு. துவரன் வைத்துச் சாப்பிடலாம். முற்றிய காயில் செய்யும் சக்கைப் புழுக்கு கிழங்குக்குச் சமம். பழம் 100 கிராமில் 23 கிராம், அது நாலைந்து சுளைதான். கொட்டையும் மாவு நிறைந்தது. அவியலில் இரண்டு மூன்று விழுந்தால் பரவாயில்லை, தனியாக வறுத்துக் கொறிக்க வேண்டாம்.

பழம் வேண்டுமென்றால் கொய்யா, நெல்லிக்காய், நாவல், ஒரு கீற்றுப் பப்பாளி. நுங்கு நல்லது. இளநீர் ஒன்றில் 10 கிராம் போல வரும். தாகத்துக்குத் தினமும் குடிக்கும் பொருளாக அதை வைக்காதீர்கள்.

காலையில் புட்டு, ஆப்பம், இடியாப்பம் இல்லாமல் என்ன சாப்பிடுவது?

ஒரு குழாய் புட்டில் 60 கிராம் மாவுச்சத்து வரும். பழமும் பிசைந்தால் 100. காலை ஒன்பது மணிக்குள் அன்றைய பங்கு முடிந்துவிடும்.

நம் ஊரில் புட்டோடு வைக்கும் கடலைக்கறியையே காலை உணவாக்கச் சொல்கிறேன். வெந்த கருப்புக் கடலை அரைக் கப் எடுத்தால் மாவுச்சத்து 20 கிராம் சொச்சம், அதில் ஒரு பகுதி நார். அதோடு ஒரு அவித்த முட்டை. அல்லது இரண்டு முட்டையில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டு ஆம்லெட். பச்சைப்பயறு ஊறவைத்து இஞ்சியோடு அரைத்து மெல்லிய அடை ஒன்று, தேங்காய்ச் சட்னி சற்று அதிகம். நேற்றைய நெத்திலி அவியல் மிச்சம் இருந்தால் அதைச் சூடாக்கி முட்டையோடு சாப்பிடுங்கள். காலையில் மீன் என்றால் முகம் சுளிக்கிற வீடு நம் பக்கத்தில் குறைவு. பழைய மீன்குழம்பு காலையில்தான் அதிக ருசி என்பது குளச்சல், முட்டம் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும்.

காலிஃபிளவரைத் துருவி ஆவியில் வைத்துப் புட்டு என்று பரிமாறுவதை நான் ஊக்குவிப்பதில்லை. புட்டை எதிர்பார்த்து வாயில் வைக்கிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அதே காலிஃபிளவரைத் தேங்காய் போட்டுத் துவரன் வைத்தால் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

மதியச் சாப்பாட்டை எப்படி மாற்றுவது?

இலையில் இப்போது சோறு நடுவிலும் தொடுகறிகள் ஓரத்திலும் இருக்கின்றன. இடத்தை மாற்றுங்கள். ஒரு அகப்பை சோறு, 100 கிராம், ஓரமாக. நடுவில் மீன், சாளையோ அயிலையோ என்றால் மூன்று நான்கு. இரண்டு துவரன், இரண்டும் நிறைய: முருங்கைக்கீரை, முட்டைக்கோஸ், பயத்தங்காய், பாகற்காய், புடலங்காய், வெண்டைக்காய் எதுவானாலும். பிறகு ஒரு கிண்ணம் தயிர்.

நம் தீயலில் குழம்பைக் கெட்டியாக்குவது வறுத்தரைத்த தேங்காய். மாவு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கத்தரிக்காய்த் தீயல், உள்ளித் தீயல், பாகற்காய்த் தீயல் மூன்றும் நல்ல துணை. மீன் புளிமுளமும் அப்படியே. அவியலில் சேனை, வாழைக்காய் இரண்டையும் எடுத்துவிட்டுத் தடியங்காய் (நீர்ப்பூசணி), புடலங்காய், முருங்கைக்காய், வெள்ளரி, சீனி அவரை, கத்தரிக்காய் கூட்டிப் போடுங்கள். மாங்காய்த் துண்டு ஒன்று புளிப்புக்குப் போதும். ஓலன் தாராளமாக. எரிசேரி, காளன் இரண்டும் கிழங்கும் காயும் சேர்ந்தவை என்பதால் ருசிக்கு ஒரு கரண்டி.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். காய்கறியும் மீனும் முதலில், சோறு கடைசியில் என்று சாப்பிட்டால், அதே அளவு சோறுகூடச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றுகிறது. செலவே இல்லாத மாற்றம் இது.

நாங்கள் சைவம். பருப்பு இருக்கிறதே, போதாதா?

பருப்பில் புரதமும் உண்டு, மாவும் உண்டு. காய்ந்த பருப்பின் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான், நார்ச்சத்து சேர்த்து. சாம்பார் ஒரு கரண்டி, பயறு ஒரு கிண்ணம் என்று அளவாக எடுங்கள். பனீர், தயிர், மோர், சோயா, வறுத்த நிலக்கடலை ஒரு பிடி, பாதாம், தேங்காய் ஆகியவை சைவக்காரர்களுக்குத் தாங்கு. முந்திரியில் மாவு மற்றக் கொட்டைகளைவிட அதிகம், 100 கிராமில் 30. நம் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள். மண்டல காலத்தில் மாலை போட்டு அசைவம் விடுகிறவர்கள் அந்த நாட்களில் கஞ்சியும் கிழங்கும் கூட்டிவிடுகிறார்கள். தயிரும் பயறும் கூட்டினால் விரதமும் கெடாது, சர்க்கரையும் அவ்வளவு ஏறாது.

தேங்காயும் தேங்காய் எண்ணெயும் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாமா?

தேங்காய்த் துருவலில் மாவு மிகக் குறைவு, நார் அதிகம். துவரனுக்கும் தீயலுக்கும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் விஷயத்தில் எனக்கு அந்தத் தாராளம் இல்லை. தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லை அது ஏற்றும். தாளிக்கவும் அவியலில் மேலே ஊற்றவும் அது இருக்கட்டும், பொரிக்க வேண்டாம். தொடங்குவதற்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும் கொழுப்புப் பரிசோதனை செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். எல்டிஎல் ஏறியிருந்தால் எண்ணெயையும் சிவப்பு இறைச்சியையும் குறைத்து மீனைக் கூட்ட வேண்டும்.

கருப்பட்டி? மார்த்தாண்டம் தேன்?

இரண்டும் சர்க்கரைதான். தேன் ஒரு மேசைக்கரண்டியில் 17 கிராம். கருப்பட்டிக் காப்பி, பதநீர் எல்லாம் இதில் அடக்கம்.

பார்டர் பக்கம் போனால் பரோட்டா சாப்பிடாமல் வர முடியுமா? கேரளா பக்கம் கப்பையும் (மரச்சீனி) மீன்கறியும்?

செங்கோட்டைக்குப் போகும் வழியில் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளில் பெயர் பெற்றது பரோட்டா மட்டும் இல்லை, நாட்டுக்கோழியும் காடையும்தான். கோழி ஒரு தட்டு, ஆம்லெட், வெங்காயம். பரோட்டா ஆசை தீர ஒன்று. ஒன்றிலேயே 35 கிராம் போல வந்துவிடும். சால்னாவை ஊற்றிக் குடிக்காதீர்கள். பாறசாலை தாண்டி மீன்கறிக் கடைகளுக்குப் போனால் மீன்கறி, மீன் பொரித்தது, கக்கா (சிப்பி) துவரன் என்று வாங்கி, கப்பையை நான்கு பேருக்கு ஒரு தட்டு என்று பகிர்ந்துகொள்ளுங்கள்.

ஓட்டலில் மறைந்து வரும் மாவைக் கவனியுங்கள். மீன் பொரிக்கும்போது மொறுமொறுப்புக்கு அரிசி மாவோ கார்ன்ஃப்ளோரோ சேர்க்கிறார்கள். சில்லி சிக்கன், மஞ்சூரியன், சூப் மூன்றிலும் கார்ன்ஃப்ளோர் இல்லாமல் இருக்காது. "மசாலா மட்டும் தடவிப் பொரியுங்கள்" என்று சொன்னால் சின்னக் கடைக்காரர்கள் செய்து தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். கடையில் வாங்கும் பாக்கெட்டுகளில் ஸ்டார்ச், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று எழுதியிருந்தால் அது மாவுச்சத்து. சுகர் ஃப்ரீ பிஸ்கட்டில் சீனி இல்லை, மைதா இருக்கிறது.

கல்யாண வீட்டில் என்ன செய்வது?

பரிமாறுகிறவரிடம் சோறு விழும் முன்பே கையைக் காட்டுங்கள். விழுந்த பிறகு மிச்சம் வைக்க நமக்கு மனசு வராது. அவியல், துவரன், ஓலன், பச்சடி, தயிர்க் கிச்சடி இரண்டாம் முறை கேட்டு வாங்கலாம். பருப்பும் நெய்யும் ஊற்றி நாலு வாய்ச் சோறு. அப்பளம் ஒன்று. பாயசத்தில் அடைப் பிரதமன், சக்கைப் பிரதமன் இரண்டிலும் மாவும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் இரண்டு வாய் போதும், போளி வேண்டாம். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் நடங்கள்.

முதல் வாரத்தில் தலைவலி, அசதி, மலச்சிக்கல். விட்டுவிடலாமா?

மாவுச்சத்து குறையும்போது உடல் சேமித்து வைத்த கிளைக்கோஜன் (குளுக்கோஸ் இருப்பு) கரையும், அதோடு ஒட்டியிருந்த நீரும் உப்பும் வெளியேறும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைந்ததாகத் தெரிவதும் பெரும்பாலும் அந்த நீர்தான். கொழுப்பு கரைவது அதன் பிறகு, மெதுவாக. தலைவலிக்கு உப்புப் போட்ட மோர், ரசம், தண்ணீர். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மலச்சிக்கலுக்குக் காரணம் சோற்றைக் குறைத்துவிட்டுக் காயைக் கூட்டாமல் விட்டது. கீரையும் வெண்டைக்காயும் இரு மடங்காகட்டும்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. சாப்பிடும் முன் ஒரு முறை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் 180-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. ஒரே அளவு கிழங்கு ஒருவருக்கு 40 ஏற்றும், இன்னொருவருக்கு 90 ஏற்றும். என் பட்டியலைவிட உங்கள் நோட்டைத்தான் நான் நம்புவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லோரும் இப்படியே சாப்பிட வேண்டுமா? பிள்ளைகள்?

வேண்டாம். ஓடியாடும் பிள்ளைகளுக்குச் சோறும் கிழங்கும் பழமும் வேண்டும். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சியை நிறுத்திவிடாதீர்கள். தொடுகறியும் மீனும் எல்லோருக்கும் ஒன்றாகவே சமையுங்கள். சோற்றின் அளவு மட்டும் அவரவர் தட்டில் மாறட்டும். ஒருவருக்காகத் தனி அடுப்பு, தனிச் சட்டி என்று ஆனால் அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண் தலையில்தான் விழும். கொஞ்ச நாளில் அவருக்குச் சலித்துவிடும், உணவு முறையும் அதோடு நின்றுவிடும். சர்க்கரை நோய் இருக்கும் ஆண்கள் பாகற்காய் நறுக்கவும், கீரை ஆயவும், சாளைக்குச் செதில் எடுக்கவும் உட்கார்ந்தால், என்ன சாப்பிடுகிறோம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது அவர்களுக்கே கைக்கணக்காகத் தெரியவரும்.